எங்கள் தெருவுக்கு வைத்த பட்டப்பெயர்

பட்டப்பெயர் வைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கூடப் பிறந்தவன் வைக்கலாம், கூட விளையாடியவன் வைக்கலாம், வகுப்பில் பின்னால் உட்கார்ந்து நம் சடையைப் பிடித்து இழுத்தவன்கூட வைக்கலாம். அவர்களெல்லாம் நம்மோடு கிடந்து புரண்டவர்கள். காலையில் கப்பலிலிருந்து இறங்கி, சாயங்காலம் அதே கப்பலில் ஏறிப் போகிறவருக்கு என் ஊருக்குப் பெயர் வைக்கும் உரிமையை யார் கொடுத்தது? இப்படிக் கேட்டால், "பிரியமாத்தானே சொல்றாங்க, இதுக்குப் போய் ஏன் கோவப்படுறீங்க?" என்பார்கள். கோபம்தான். அறுபதுகளில் வந்த கோபம், இன்னும் ஆறவில்லை. ஆற்றிக்கொள்ளும் உத்தேசமும் எனக்கு இல்லை.

சிங்கப்பூருக்குப் பட்டப்பெயர் பஞ்சம் என்றுமே இருந்ததில்லை. வெள்ளைக்காரர்கள் அதைக் கிழக்கின் ஜிப்ரால்டர், அசைக்க முடியாத கோட்டை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜப்பான்காரன் வந்தபோது அந்த ஜிப்ரால்டர் எத்தனை நாள் தாக்குப்பிடித்தது என்பது என் பெற்றோருக்குத் தெரியும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து அப்பாவுக்கு வரும் கடிதங்களில் நாங்கள் 'அக்கரைச் சீமை'. மரத்தைப் பிடித்து உலுக்கினால் பவுன் உதிரும் என்று நம்பி வைத்த பெயர் அது. அக்கரைச் சீமையில் நாங்கள் மூன்று பேர் ஒரே அறையில் படுத்தோம், ஒன்பது குடும்பத்துக்கு ஒரு குழாய் என்று அப்பா ஒரு தடவைகூடப் பதில் எழுதியதில்லை. எழுதியிருந்தாலும் அவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள். பெயர் வைத்தவர்களுக்குப் பெயரின்மேல்தான் நம்பிக்கை.

எங்கள் வீடு சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், மாவு மில்லுக்கு மேல்மாடியில் இருந்தது. அந்த வட்டாரம் முழுவதையும் நாங்கள் தேக்கா என்போம். அது ஹொக்கியன் சீனர்களின் சொல், மூங்கிலடி என்று அர்த்தம். எந்தக் காலத்திலோ ரோச்சோர் கால்வாய் ஓரம் மூங்கில் நின்றிருக்கிறது. நான் பிறந்தபோது மூங்கிலும் இல்லை, அர்த்தம் தெரிந்த தமிழரும் அதிகம் இல்லை. ஆனாலும் "எங்க போறே?" என்றால் "தேக்காவுக்கு" என்றுதான் பதில். சீனன் வைத்த பெயரைத் தமிழன் தன் வாய்க்குத் தகுந்தபடி சொல்லி, மலாய்க்காரனும் அதையே சொல்லி, மூவருக்கும் பொதுவாகிப்போன பெயர் அது. இன்றைக்கு அங்கே ரயில் நிலையத்துப் பலகையில் வேறொரு பெயர் எழுதியிருக்கிறது. அதைப் பற்றி இங்கே நான் வாயைத் திறக்கப்போவதில்லை. என் கதை அந்தப் பலகைக்கு வெகு காலம் முந்தியது.

மலேசியாவிலிருந்து பிரிந்து நாங்கள் தனி நாடான மறு வருஷம் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் சுற்றுலா அலுவலகம் ஒன்று. அங்கே வழிகாட்டி வேலை. கப்பலில் வரும் பயணிகளை இருபது பேர் உட்காரும் சின்ன பஸ்ஸில் ஏற்றி, ஒரு காலைப்பொழுதுக்குள் ஊரைக் காட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். ஓட்டுநருக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒலிபெருக்கியில் பேச வேண்டும். நான் ஆங்கிலப் பள்ளியில் கடைசி வகுப்புவரை படித்தவள், எனக்கு வாய் அதிகம். அப்பா ஒருவருக்குத்தான் அதைப் பற்றிக் கவலை. அவரும் அதற்கு நான்கு வருஷம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். சேலைதான் கட்டிக்கொண்டு வர வேண்டும் என்பது நிபந்தனை. அதுவரை பள்ளிச் சீருடையும் பாவாடை சட்டையுமாகத் திரிந்தவள், அம்மாவின் சேலைகளைக் கட்டிக்கொண்டு போனேன்.

அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா போனபின் அம்மா கீழே இருந்த மாவு மில்லில் வேலைக்குப் போனாள். வாடிக்கைப் பெண்கள் கொண்டுவரும் மிளகாயையும் மல்லியையும் வாங்கி, அளந்து, இயந்திரத்தில் கொட்டி, தூளை வாங்கிப் பொட்டலம் கட்டித் தருவது அவள் வேலை. முகத்தை ஒரு துண்டால் கட்டிக்கொண்டுதான் நிற்பாள். ஆனாலும் நெஞ்சுக்குள் தூசி போய், ராத்திரியெல்லாம் இருமல். 'ஒரு வருஷம் ஒழுங்காக வேலை செய், நிரந்தரம் ஆக்குகிறோம்' என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். நிரந்தரமானால் அம்மா மில்லை விட்டுவிடலாம். எனக்கு இருந்த கணக்கு அவ்வளவுதான்.

முதல் நாளே மேனேஜர் ஒரு தட்டச்சுத் தாளைக் கொடுத்தார். அவர் ஆங்கிலேயர், கெட்டவர் இல்லை, யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். எந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பது அதில் வரிவரியாக இருந்தது. ஒரு வார்த்தை கூடக் கூடாது, குறையக் கூடாது. முதல் வரி: கிழக்கின் நாற்சந்திக்கு வருக. நாற்சந்தி என்றால் என்ன? வண்டிகள் கடந்து போகும் இடம். நாற்சந்தியில் யாராவது வீடு கட்டிக் குடியிருப்பார்களா? நாங்கள் குடியிருந்தோம். ஆனால் அதையாவது நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன்.

பஸ் எங்கள் சாலைக்குத் திரும்பும் இடத்தில் இப்படி இருந்தது: இதோ லிட்டில் மெட்ராஸ், பத்து நிமிடத்தில் இந்தியாவுக்கு வந்துவிட்டீர்கள்.

சொன்னேன். சொல்லும்போதே வண்டி எந்தெந்த இடங்களைத் தாண்டுகிறது என்று பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். முனையில் ஹைனான் சீனரின் காப்பிக்கடை. அதை ஒட்டி, தமிழ் முஸ்லிம் மாமா ஒருவர் மீ கோரிங் பிரட்டும் தள்ளுவண்டி. நாங்கள் சாயங்காலப் பசிக்கு ஓடும் இடம் அது. சீனன் நூடுல்ஸை மலாய்ப் பெயர் வைத்துத் தமிழன் சமைப்பது. மெட்ராஸில் மீ கோரிங் விற்கிறதா? எதிரே தியோச்சூ சீனத் தச்சர் அலமாரி இழைத்துக்கொண்டிருந்தார். நகைக்கடை வாசலில் கயிற்றுக்கட்டிலில் பஞ்சாபிக் காவல்காரர். சந்தையிலிருந்து ஒரு மலாய்ப் பெண்மணி வாழையிலைக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். இவ்வளவு பேரையும் ஒரு வார்த்தையில் துடைத்துப் போட்டுவிட்டு, லிட்டில் மெட்ராஸ் என்றேன்.

பஸ் மில்லுக்கு முன்னால்தான் நின்றது. மசாலா அரைப்பதைப் படம் பிடிக்க நல்ல இடம் என்று தாளில் போட்டிருந்தது. பயணிகள் இறங்கினார்கள், தும்மினார்கள், சிரித்தார்கள். முகத்தில் துண்டோடு நின்ற அம்மாவைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். ஓர் ஆஸ்திரேலிய மாது என்னிடம் அன்பாகக் கேட்டாள், "நீ மெட்ராஸிலிருந்து வந்து எத்தனை வருஷமாகிறது?" நான் நின்ற இடத்துக்கு நேர் மேலே, இருபதடி உயரத்தில்தான் நான் பிறந்தேன். அதை அவளிடம் சொன்னேன். அவள் பாவம், நான் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அம்மா கேட்டாள்.

"என்னடி சொன்னே அவங்ககிட்ட? மெட்ராஸ், மெட்ராஸ்னு காதுல விழுந்துச்சு."

சொன்னேன். அம்மா துண்டை உதறிக் கொடியில் போட்டாள். அவள் ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணமாகி இங்கே வந்தவள். மெட்ராஸ் என்பது அவளுக்குக் காலண்டரில் பார்த்த ஊர். ஐம்பதுகளின் கடைசியில் குடியுரிமைக்குப் பதியச் சொன்னபோது அவள் வெயிலில் இரண்டு நாள் வரிசையில் நின்றாள். கைநாட்டு வைக்கக் கூடாது என்று ஒரு வாரம் உட்கார்ந்து கையெழுத்துப் போடப் பழகினாள். கிடைத்த சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள்.

"கையத் தூக்கி சத்தியம் பண்ணிட்டு வந்தவடி நான். அந்தா தொங்குது பாரு. அதுல எங்கயாச்சும் மெட்ராஸ்னு போட்டிருக்கா? நீதான் படிச்சவளாச்சே, பாத்துச் சொல்லு."

"இல்லம்மா."

"அப்ப என் முகத்துக்கு முன்னாடி நின்னு அதச் சொல்லாதே."

அவ்வளவுதான். கத்தவில்லை, அழவில்லை, சோறு போட்டாள். கடைக்காரர்கள் சிலருக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. "விடும்மா, யாவாரம் நடக்குதுல்ல" என்றார் ஒரு புடவைக்கடைக்காரர். அவர் ஊரில் மூன்று வீடு கட்டிவிட்டு இங்கே தனியாக இருந்தவர். அவருக்கு இது நாற்சந்திதான். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. திரும்பிப் போக வேறு ஊர் இல்லாதவர்களுக்குத்தான் அந்தப் பெயர் உறுத்தியது.

அலுவலகத்தில் என்னோடு இன்னொரு வழிகாட்டி இருந்தாள், சீனர் பகுதிக்குப் போகும் பஸ் அவளுடையது. கான்டனீஸ் சீனப் பெண், என் வயதுதான். அவளுக்கு நிபந்தனை சியோங்சாம். கழுத்துவரை பட்டன் போட்ட அந்தப் பட்டு உடையில் உட்கார்ந்து மூச்சுவிட முடியாமல் மதியம் நூடுல்ஸ் சாப்பிடுவாள். அவள் அப்பாவுக்கு நகரின் சீனர் பகுதியில் நாட்டு மருந்துக்கடை. அந்த இடத்தை அவர்கள் தங்கள் மொழியில் 'ங்காவ் சே சொய்' என்பார்கள், மாட்டுவண்டித் தண்ணீர் என்று பொருள். மலாயிலும் அதற்கு அதே அர்த்தத்தில்தான் பெயர். ஒரு காலத்தில் அந்தப் பக்கம் மாட்டுவண்டியில்தான் தண்ணீர் வந்ததாம். எங்கள் தேக்காவிலும் எருமைச் சாலை என்று ஒரு சாலை உண்டு. "ரெண்டு பேர் தெருவுக்கும் மாடுதான் பேர் வச்சிருக்கு லா" என்று சொல்லிச் சிரிப்போம். நாங்கள் பேசிக்கொண்டது மலாயில், இடையிடையே ஆங்கிலத்தில்.

அவளிடம் அம்மா சொன்னதைச் சொன்னேன். அவள் குச்சிகளைக் கிண்ணத்தின்மேல் வைத்துவிட்டு யோசித்தாள்.

"என் தெருவுல நான் சைனா டவுன்னு சொல்லணும். பாஸ்போர்ட் இல்லாமலே சீனாவுக்கு வந்துட்டீங்கன்னு சொல்லணும். எங்க அப்பா கடை வாசல்ல நிப்பாரு" என்றாள். "ஒண்ணு செய்யலாம். உன் தெருவ நான் எடுத்துக்கிறேன், என் தெருவ நீ எடுத்துக்கோ. அவங்கவங்க வீட்டு முன்னால அவங்கவங்க சொல்ல வேண்டாம்."

இதைவிட நல்ல யோசனை எனக்குத் தோன்றவில்லை. மேனேஜரிடம் போய், சேலை கட்டியவள் சீனர் தெருவையும் சியோங்சாம் போட்டவள் இந்தியர் தெருவையும் காட்டினால் பயணிகளுக்குப் புதுமையாக இருக்கும் என்று அளந்துவிட்டோம். அவரும் தலையாட்டினார்.

மறுநாளிலிருந்து நான் அவள் தெருவுக்குப் போனேன். ஒரு கூச்சமும் இல்லாமல், குரலை ஏற்றி இறக்கி, "பாஸ்போர்ட் இல்லாமலே சீனா!" என்று முழங்கினேன். பயணிகள் கை தட்டுவார்கள். மருந்துக்கடை வாசலில் நிற்கும் பெரியவர் பஸ்ஸைக் கண்டதும் உள்ளே போய்விடுவார். வெயிலுக்கு ஒதுங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் தெருவில் அவள் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. நான் என்ன சொன்னேன் என்று அவளும் கேட்கவில்லை. ஒருவர் மனம் நோகும் விஷயத்தைக் கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று எங்கள் இரண்டு வீட்டிலும் வளர்த்திருந்தார்கள். இப்படியே ஏறக்குறைய ஒரு வருஷம் ஓடிப்போயிற்று. நிரந்தரக் கடிதம் அந்த மாதக் கடைசியில் வரும் என்றார்கள். அம்மாவிடம் சொன்னேன். அவள் மில் முதலாளியிடம் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

அப்படிப்பட்ட ஒரு நாளில் என் சிநேகிதியின் தெருவில் பெருமழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸைவிட்டு இறங்கியிருந்த ஏழெட்டுப் பயணிகளைக் கூட்டிக்கொண்டு கடைகளின் முன்தாழ்வாரத்துக்கு ஓடினேன். ஒதுங்கிய இடம் மருந்துக்கடை வாசல். பெரியவர் முக்காலிகளை எடுத்துப் போட்டார். எல்லாருக்கும் சின்னக் கோப்பைகளில் கசப்பாக ஏதோ ஒரு தேநீர் கொடுத்தார். என்னிடம் வந்து மலாயில் கேட்டார்.

"நீதானே என் மகளோட வேலை பாக்குற பொண்ணு?"

"ஆமா, அங்கிள்."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனா நீ சொல்றதுல சைனாங்கிற வார்த்தை மட்டும் புரியுது. தினம் கேக்குறேன்." தலைக்கு மேலே கையைக் காட்டினார். "நான் இந்த மாடியிலதான் பொறந்தேன். சைனாவ நான் பாத்ததில்ல."

என் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைக்கவும் தெரியவில்லை, குடிக்கவும் முடியவில்லை. அவர் கோபமாகச் சொல்லவில்லை. எங்கள் அம்மாவைப் போலவே, நடந்ததைச் சொல்கிற குரலில் சொன்னார். மழை விட்டதும் பயணிகளை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் உள்ளே போவது வெயிலுக்காக அல்ல என்பது எனக்கு ஒரு வருஷம் கழித்து, மழைக்கு ஒதுங்கி நின்றபோதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். "அந்தச் சீனப் பொண்ணு நம்ம தெருவுல என்னம்மா சொல்லுவா?"

"யாரு, பட்டுச்சட்டைப் பொண்ணா? வந்து நிக்கும். எனக்கு வணக்கம் சொல்லும். அப்புறம் கைய நீட்டி, தேக்கான்னு சொல்லும். அதுக்கு மேல என்னமோ இங்கிலீஷ்ல பேசும்."

"லிட்டில் மெட்ராஸ்னு?"

"அத நான் ஒரு நாளும் கேக்கலையே. நீ சொன்னதுதான், அன்னைக்கு ஒரு நாள்."

"ஒரு வருஷமாவாம்மா?"

"ஆமாடி. ஏன், உன்கிட்டச் சொல்லலையா?"

சொல்லவில்லை. என் வேலையை என்னைவிட நன்றாகச் செய்துகொண்டிருந்தாள், என்னிடம் அதற்கு ஒரு நன்றிகூட எதிர்பார்க்கவில்லை. நான்தான் அவள் அப்பாவின் வாசலில் தினமும் ஒலிபெருக்கி வைத்துக் கூவிக்கொண்டிருந்தேன். என் தெருவுக்கு வந்தால் அவமானம், அடுத்தவள் தெருவுக்கு வந்தால் பிழைப்பு. அன்று ராத்திரி எனக்கு என்மேல் வந்த கோபம் மேனேஜர்மேல் வந்ததைவிடப் பெரிது.

மறுநாள் பஸ்ஸில் மேனேஜரும் ஏறினார். வெளிநாட்டுப் பயண ஏஜண்டுகள் பத்துப் பேரைக் கூட்டி வந்திருந்தார். அவர்களுக்குப் பிடித்துப்போனால் பெரிய கப்பல் கம்பெனி ஒப்பந்தம் கைக்கு வரும். "உன் குரல்தான் நமக்கு முக்கியம்" என்று என் தோளைத் தட்டிக்கொடுத்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பஸ் அவள் தெருவுக்குத் திரும்பியது. பெரியவர் வாசலில் நின்றார், பஸ்ஸைப் பார்த்தார், உள்ளே போகத் திரும்பினார்.

"இந்த இடத்துக்குப் பெயர் ங்காவ் சே சொய்" என்றேன். "இங்கே வசிப்பவர்கள் சிங்கப்பூர்க்காரர்கள்." தண்ணீர் வண்டிக் கதையைச் சொன்னேன். அதோடு நிறுத்தினேன்.

மேனேஜர் முன்னால் குனிந்து மெல்லச் சொன்னார். "தாளில் இருப்பதைச் சொல்லிவிடு."

"தாளில் இருப்பது பொய், சார்."

"அது ஒரு வாணிகப் பெயர்தான். யாரையும் புண்படுத்த வைத்ததில்லை."

"இங்கே யாரைக் கேட்டு வைத்தீர்கள்?"

ஒலிபெருக்கி என் கையில் இருந்ததால் அது பஸ் முழுக்கக் கேட்டது. நான் வேண்டுமென்றேதான் அதைக் கீழே இறக்கவில்லை. ஏஜண்டுகளில் ஒருவர் சிரித்தார். மேனேஜரின் காதுமடல் சிவந்துபோயிற்று. ஓட்டுநரிடம் வண்டியை நிறுத்தச் சொன்னார். தாழ்ந்த குரலில், மரியாதையாகவே, என்னை அங்கேயே இறங்கிக்கொள்ளச் சொன்னார். இறங்கினேன். அவளுடைய தெருவிலிருந்து என்னுடைய தெருவுக்குச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்தே வந்தேன்.

மில் வாசலில் அம்மா என்னைப் பார்த்ததும் முகத்துத் துண்டை இறக்கினாள்.

"என்ன இந்நேரத்துல?"

"வேலை போச்சும்மா."

நடந்ததைக் கேட்டாள். உள்ளே போய், முதலாளியிடம் வேறு ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். அம்மா துண்டைத் திரும்பக் கட்டிக்கொண்டே, "மிளகாத் தூசிதானே, பழகிப்போச்சு. அந்தப் பேரு எனக்குப் பழகல, அந்தப் பெரியவருக்கு மட்டும் பழகுமா?" என்றாள். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு வருஷம் அவள் அந்தத் தூசிக்குள்தான் நின்றாள். எனக்கு ஒரு தொழிற்சாலையில் குமாஸ்தா வேலை கிடைக்கும்வரை.

மறுநாள் சாயங்காலம் என் சிநேகிதி மில் வாசலுக்கு வந்தாள். ஓடி வந்து கட்டிப்பிடிப்பாள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன் என்றால் சிரிக்கக் கூடாது. அவள் சண்டைக்கு வந்திருந்தாள்.

"யாரு உன்னைக் கத்தச் சொன்னா? நான் ஒரு வருஷமா சத்தமில்லாம செஞ்சேன். ஒருத்தருக்கும் தெரியல, ஒருத்தர் வேலையும் போகல. இப்ப ரெண்டு தெருவும் எனக்குத்தான். திங்கட்கிழமையிலேர்ந்து அவர் முன்சீட்டுல உக்காந்து ஒவ்வொரு வார்த்தையும் கேப்பாராம். எங்க அப்பா முகத்தைப் பாத்து இப்ப நானே சொல்லணும். போதுமா?"

"நீ ஏன் என்கிட்டச் சொல்லல, அந்தப் பேரைச் சொல்லாம இருக்கேன்னு?"

"நீயும் அப்படித்தான் செய்வேன்னு நெனச்சேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா நீட்டிய தண்ணீரைக்கூட வாங்காமல் அவள் போய்விட்டாள். அவள் கோபம் நியாயமானது. என் வீரம் என்னுடைய வேலையோடு முடிந்துவிட்டது, அதற்கு வட்டி கட்ட வேண்டியவள் அவளாகிவிட்டாள்.

திங்கட்கிழமை நான் வீட்டில் இருக்க முடியாமல் அவள் தெருவுக்குப் போனேன். மருந்துக்கடை வாசலில் பெரியவரோடு நின்றேன். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வண்டி வரும்போது உள்ளே போய்விடுங்கள், அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருக்கும் என்றேன். அவர் போகவில்லை. "என் மக பேசுறத வாசல்ல நின்னு நான் கேட்டதே இல்ல" என்றார்.

அவள் வேலையும் அன்றோடு போயிற்று. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் மேனேஜர் மனம் திருந்தினார் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

பஸ் வந்து நின்றது. கதவைத் திறந்துகொண்டு படியில் நின்றாள். முன்சீட்டில் மேனேஜர், மடியில் தாள். அவள் அப்பாவைப் பார்த்தாள், பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோனாள். கீழே இறக்கினாள். மறுபடி தூக்கினாள். மேனேஜர் ஏதோ சொன்னார். பயணிகள் கழுத்தை நீட்டிக் காத்திருந்தார்கள்.

"இவர் இந்தத் தெருவில் பிறந்தவர்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "இதன் பெயரை இவரிடமே கேளுங்கள்." படியிலிருந்து இறங்கி, வயர் எட்டியமட்டும் இழுத்து, தெருவின் பெயரைச் சொல்லும்படி அவர்கள் மொழியில் சொல்லி, ஒலிபெருக்கியை அப்பாவின் கையில் கொடுத்தாள்.

அவருக்கு அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ங்காவ் சே சொய்" என்றார். சத்தம் போதாது என்று நினைத்தாரோ என்னவோ, கொஞ்சம் உரக்க மறுபடி சொன்னார். பஸ்ஸுக்குள்ளிருந்து யாரோ ஒரு கிழவி அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். வரவில்லை. அவர் தலையாட்டிவிட்டுப் பள்ளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு அசையாக மூன்றாம் முறை சொன்னார். இம்முறை பஸ் முழுக்கச் சேர்ந்து சொன்னார்கள். அந்தப் பெயரை அவ்வளவு மோசமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனாலும் அதைத்தான் சொன்னார்கள்.